சங்கிலியக்கா போட்ட புகை

அக்டோபர் 14, 2024, திங்கள்

மழை விட்டபாடில்லை. சுருளிப்பட்டித் தோட்டத்தில் பன்னீர் திராட்சை பாதிக்கு மேல் வெடித்துக் கிடக்கிறது. கோட்டயத்து வியாபாரி போன் போட்டு, "நாளைக்கு லோடு வேண்டா கேட்டோ" என்று மலையாளத்தில் தேன் ஒழுகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவனுக்கென்ன, அழுகுவது என் பழம்.

வீட்டுக்கு வந்தால் நத்தர் இருமிக்கொண்டிருக்கிறான்.

ஷர்மின் பிரசவத்துக்கு உத்தமபாளையத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போனவள், போன மாதம்தான் பிள்ளையோடு கம்பம் வந்தாள். பயலுக்கு ஐந்து மாதம். என் அத்தாவின் பெயரை வைத்திருக்கிறோம், நத்தர்ஷா. அங்கே இருந்தவரை ஒரு தும்மல்கூடக் கிடையாதாம். "இங்கன வந்ததுல இருந்துதான் மச்சான் இந்தக் கொர்கொர்" என்றாள். தண்ணி மாறினால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்தேன். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு எந்த ஊர்த் தண்ணி மாறிப்போச்சு? நல்லவேளை அவள் கேட்கவில்லை.

என் அம்மா மௌத்தாகி இரண்டு வருஷம். பிள்ளைக்குக் குளிக்க ஊற்ற வீட்டில் ஆள் இல்லை. அதனால் காலையில் சங்கிலியம்மாள் அக்கா வருகிறார். பள்ளிவாசல் தெரு, கோயில் தெரு என்று பார்க்காமல் இந்த வட்டாரத்தில் பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் ஊற்றுவது அவர்தான். காலை நீட்டி உட்கார்ந்து, கெண்டைக்காலில் பயலைக் குப்புறப் போட்டு, முதுகில் தட்டித் தட்டி ஊற்றுவார். பிறகு மண்சட்டிக் கங்கில் சாம்பிராணியைத் தூவி, ஈரத்தலையைப் புகையில் காட்டுவார். "என் ராசா, மேகமல மேகம் எறங்கி வந்துருச்சுடா" என்பார். பய சொக்கித் தூங்கிவிடுவான்.

இதை வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கையில் ஒரு சிகரெட். எழுதியே விட்டேன், போ.

பிள்ளைக்கு முடி இறக்கி, ஆடு அறுத்து அகீகா கொடுத்த அன்று ஷர்மினின் அத்தா ஹக்கீம் மாமா, எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து மொட்டைத் தலையில் வைத்தார். "மாப்ள, இனிமே அந்தச் சனியன் வேணாம்." "விட்டுட்டேன் மாமா" என்றேன். அந்த வாரம் முழுக்க விட்டுத்தான் இருந்தேன். இப்போதும் வீட்டுக்குள் குடிப்பதில்லை. பிள்ளை முன்னால் சத்தியமாக இல்லை. வேனுக்குள் மட்டும்தான். இறங்கும்முன் இரண்டு ஏலக்காயை மென்றுவிடுவேன். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?

அக்டோபர் 17, வியாழன்

பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறான். மாரில் காது வைத்தால் உள்ளே பூனை உறுமுகிறது.

அக்டோபர் 21, திங்கள்

வேனை எடுத்துக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனோம். டாக்டர் பயலின் சட்டையைத் தூக்கிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. தினமும் தூக்கிக் கொஞ்சுகிறேன், ஒருநாளும் அது என் கண்ணில் பட்டதில்லை. வீசிங் என்றார். முகத்தில் மாஸ்க்கை வைத்து மருந்து விட்டார்கள். பய வீறிட்டான்.

"வீட்ல புகை ஏதாச்சும் உண்டா? சிகரெட், விறகடுப்பு, கொசுவத்தி?"

ஷர்மின் முந்திக்கொண்டாள். "சிகரெட்லாம் இல்ல டாக்டர். பிள்ள பொறந்ததும் இவுக விட்டுட்டாக." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அதில் பெருமை வேறு. நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டையை அவ்வளவு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"குளிக்க ஊத்தி சாம்பிராணி போடுறோம்" என்றாள்.

"அதை நிறுத்திருங்க. எந்தப் புகையும் ஆகாது. குழந்தையோட மூச்சுக்குழாய் நூல் மாதிரி இருக்கும்."

எந்தப் புகையும் ஆகாதுண்டுதான் சொன்னாக. என் காதுல விழுந்தது சாம்பிராணி மட்டும். அப்பாடாண்டு இருந்துச்சு. ஒரு மனுசனுக்கு அந்த நேரத்துல அப்பாடாண்டு வருமா? எனக்கு வந்துச்சு. மருந்து வாங்கிட்டு வாரேண்டு சொல்லிட்டுப் போயி, மருந்துக்கடைப் பக்கத்துச் சந்துல நின்னு ஒண்ணு குடிச்சேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

சங்கிலியக்காவை வாசற்படி ஏற விடவில்லை.

வழக்கம்போல "என் ராசா எந்திரிச்சுட்டானா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் படியில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஒங்க சாம்பிராணியாலதான் எம்புள்ள மூச்சு விட முடியாமக் கெடக்கான். டாக்டரே சொல்லிட்டாக" என்றேன். எதிர்வீட்டு பெனாசிர் தன் கைப்பிள்ளையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கும் அக்காதான் ஊற்றுகிறார்.

"ஆத்தாடி!" என்று நெஞ்சில் கை வைத்தார் அக்கா. "நான் எத்தன பிள்ளைக்குப் போட்டிருக்கேன் தம்பி…" கையிலிருந்த சட்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வேணாம்ண்டா போடல. தண்ணி மட்டும் ஊத்திட்டுப் போறேன்" என்றார்.

"ஒண்ணும் வேணாம். இனிமே வராதீக."

உள்ளே வந்ததும் ஷர்மின் கேட்டாள்: "சாம்பிராணி வேணாம்ண்டு சொன்னாப் போதாதா? எதுக்கு மச்சான் அம்புட்டுச் சத்தம்?"

எதுக்கு? அக்கா மேல கோவமா எனக்கு? அவுக மேல எனக்கு என்ன கோவம்?

அக்டோபர் 23, புதன்

இன்று குடிக்கவில்லை. தோட்டத்தில் பார்த்தவன் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். அறுப்புக்கு ஆள் கூட்டி வருகிற மேஸ்திரி விஜயகுமார், "அண்ணே, பித்தமா?" என்றான்.

அக்டோபர் 24, வியாழன்

குடித்தேன்.

அக்டோபர் 30, புதன்

சாம்பிராணி நின்று ஒரு வாரம் ஆகிறது. இளைப்பு நிற்கவில்லை. தீபாவளி வெடிப்புகையாக இருக்கும் என்று ஒரு புதுக் காரணம் கண்டுபிடித்தேன். ஷர்மின் உடனே நம்பினாள். அவள் அம்மா வீடு ஊருக்கு வெளியே, சுற்றிலும் நெல் வயல். வெடிப்புகை அங்கே வராது. ஹக்கீம் மாமா ஆட்டோ பிடித்து வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போனார்.

காரணம் கண்டுபிடிக்கிறதில் எனக்கு ஒரு பட்டமே கொடுக்கலாம்.

நவம்பர் 5, செவ்வாய்

உத்தமபாளையம் போனேன். பய என்னைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தேன். குழி இல்லை. மாரில் காது வைத்தேன். பூனை போயே போய்விட்டது.

சந்தோஷமாக நிமிர்ந்தால் கூடத்தில் சாம்பிராணி வாசம். சுபைதா மாமி, ஷர்மினின் அம்மா, சட்டியை முறத்தால் மறைத்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார். "டாக்டருக்கு என்னா தெரியும்? இவ வேணாம் வேணாம்ங்கிறா. இவ பாக்காத நேரமாப் பாத்துத் தெனமும் ஒரு சிட்டிக போட்டுத்தான் இருக்கேன். பிள்ள நல்லாத்தான இருக்கு?"

நல்லாத்தான் இருக்கு.

அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துபோனது. அங்கேயும் சாம்பிராணி இருக்கிறது. நெல் வயல், சாம்பிராணி, மாமி, எல்லாம் இருக்கிறது. அங்கே இல்லாதது நான் ஒருத்தன்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஷர்மின் பக்கத்தில்தான் நின்றாள். "மாமி, போடாதீக" என்று மட்டும் சொல்லிவிட்டு, இடியாப்பமும் கறியும் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தேன். எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ.

நவம்பர் 7, வியாழன்

வேனைத் தண்ணி ஊற்றிக் கழுவி, சீட்டில் செண்டு அடித்துவிட்டுப் போய்க் கூட்டி வந்தேன். "கல்யாண வண்டி மாதிரி மணக்குது" என்று ஷர்மின் சிரித்தாள். சாயங்காலம் பய இருமத் தொடங்கிவிட்டான்.

நவம்பர் 9, சனி

விட்டுவிடுவேன். சொல்ல வேண்டியதே இல்லை. சத்தமில்லாமல் விட்டுவிட்டால் பய தேறிவிடுவான், யாருக்கும் தெரியாது.

நவம்பர் 10, ஞாயிறு

விடவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பெனாசிர் வந்து ஷர்மினோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் இருந்தேன். "நல்ல நேரத்துல சொன்னீக. எம்புள்ளைக்கும் நிறுத்திட்டேன். கோயில் தெருவுலயும் ரெண்டு வீட்ல வேணாம்ண்டுட்டாகளாம். அந்தம்மா போட்ட புகையில பாய் வீட்டுப் பிள்ள செத்துப் பொழச்சுச்சுண்டு ஊரே பேசுது."

சங்கிலியக்கா தனிக்கட்டை. புருஷன் போய் எத்தனையோ வருஷம். பிள்ளைக்கு ஊற்றுவதைத் தவிர அவருக்கு வேறு பிழைப்புக் கிடையாது. ஷர்மின், "பாவம், வேணும்ண்டா செஞ்சாக" என்றாள். பெனாசிர் போனதும் என்னிடம், "நம்ம வாயாலயா இப்பிடி ஆகிப்போச்சு மச்சான்?" என்று கேட்டாள்.

நம்ம வாய் இல்ல. என் வாய். நான் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்கு முன் ஒரு எட்டு தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே அறுப்பு நடந்துகொண்டிருந்தது. குனிந்து நடந்தால்தான் போகமுடியும். பெண்கள் வரிசையாகக் கத்தரிக்கோலோடு நிற்கிறார்கள். கடைசி ஆள் அண்ணாந்து வெட்டத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். சங்கிலியக்கா.

விஜயகுமார் காதோரம் வந்து, "புது ஆளுண்ணே. வெரல்ல ரெண்டு தடவ வெட்டிக்கிருச்சு. பாவம்ண்டு வச்சிருக்கேன், வேணாம்ண்டா நிப்பாட்டிருறேன்" என்றான். என் பழத்தை, என் கூலிக்கு, அக்கா வெட்டிக்கொண்டு நிற்கிறார்.

என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். ஏச வருகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தேவலை.

"ராசாவுக்கு மூச்சு எப்பிடிப்பா இருக்கு?"

"பரவால்லக்கா."

"அந்தச் சட்டிய அன்னைக்கே கொண்டுபோயி ஓடையில போட்டுட்டேன் தம்பி. இந்தக் கையால எத்தன பிள்ள நெஞ்சக் கெடுத்தேனோ. படுத்தா ஒவ்வொரு பிள்ள மொகமா வருது." கையை விரித்துக் காட்டினார். விரலில் துணி சுற்றியிருந்தது. "பிள்ள தலைய ஒரு தடவ தொட்டுப் பாக்க மனசு கெடந்து அடிக்குது. வரமாட்டேன், பயப்படாத. ஒன் வாயால நல்லாருக்காண்டு சொல்லு, போதும்."

"நல்லா இருக்கான்" என்றேன். அதுவும் பொய். காலையில்தான் மாஸ்க் வைத்தோம்.

அக்கா, நீங்க இல்ல, நான்தான். நாலு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. பந்தலுக்குள்ள அத்தன பொம்பளைக நிக்கிறாக, விஜயகுமார் நிக்கிறான். மொதலாளிங்கிற கவுரவம். த்தூ.

ஜும்ஆவில் எல்லோரும் கையேந்தும்போது எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

நவம்பர் 16, சனி

நான் தூக்கினாலே பய அழுகிறான் என்கிறாள் ஷர்மின். மாரோடு அணைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

நவம்பர் 22, வெள்ளி, தேனி ஆஸ்பத்திரி

காலையில் பால் குடிக்கவில்லை. உதடு கருநீலமாகிவிட்டது. விலா, கழுத்துக்குழி எல்லாம் உள்ளே உள்ளே இழுக்கிறது. கம்பத்து டாக்டர் பார்த்தவுடன், "தேனிக்குக் கொண்டு போங்க, ஆக்சிஜன் வைக்கணும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். 108-க்குப் போன் போட்டால் சின்னமனூரைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். காத்திருக்க முடியுமா? ஏறுடி என்று வேனை எடுத்துவிட்டேன்.

ரோடு முழுக்கச் சபரிமலை வண்டி. தூறல் என்று கண்ணாடியை ஏற்றியிருந்தேன். பயலுக்கு இழுப்பு கூடிக்கொண்டே போகிறது. ஷர்மின் சட்டென்று, "கண்ணாடிய எறக்குங்க! என்ன வாடை மச்சான் இது? வண்டிக்குள்ள என்னமோ மக்கிப்போன வாடை. பிள்ளைக்குத் திணறுது!" என்று கத்தினாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்த நேரத்திலும்?

"திராட்ச புளிச்ச வாடை."

புள்ள நீலமாக் கெடக்கான். பெத்தவ கேக்குறா. நான் திராட்ச மேல பழியப் போடுறேன். சங்கிலியக்கா முடிஞ்சு, வெடி முடிஞ்சு, இப்ப பழத்து மேல. நான்லாம் என்ன பொறப்பு?

கண்ணாடியை இறக்கிவிட்டேன். அவள் மழைச் சாரலுக்கு முந்தானையைப் பிடித்து, காற்று படுகிற மாதிரி ஜன்னலோரம் அவனைச் சாய்த்துக்கொண்டே வந்தாள். ஒரு துஆ விடாமல் ஓதினாள். நான் ஓதவில்லை. ஓத வாய் வரவில்லை.

உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது மூக்கில் குழாய் வைத்திருக்கிறது. வார்டுக்குள் ஒருத்தர்தான் இருக்கலாம் என்று நான் வராண்டாவில் இருக்கிறேன். சட்டைப்பையில் பாதிப் பாக்கெட் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அது இருப்பது தெரிகிறது.

நவம்பர் 23, சனி

முடிந்தது. சொல்லிவிட்டேன். நானாக வீரம் வந்து சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

பயலுக்குக் கொஞ்சம் தெளிவு. ஹக்கீம் மாமாவும் சுபைதா மாமியும் வந்திருந்தார்கள். மாமி பிள்ளையோடு உள்ளே இருந்ததால் ஷர்மின் வராண்டாவுக்கு வந்து ஒரு வாய் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது படியேறி வருகிறார் சங்கிலியக்கா. விஜயகுமார் சொல்லித் தெரிந்து, கம்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். தலையெல்லாம் ஈரம். வீரபாண்டியில் இறங்கிக் கௌமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வருகிறாராம்.

பக்கத்தில் வரவில்லை. தூரத்தில் நின்றே பேசினார். "நான் கிட்ட வரலத்தா, பிள்ளையப் பாக்கணும்ண்டும் கேக்கல. சித்திரத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்குறேண்டு ஆத்தாகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன். நான் போட்ட புகைக்கு நானே சட்டி ஏந்துறேன். ஒங்க சாமிகிட்ட நீங்க கேளுங்க. என் சாமிகிட்ட நான் கேட்டுட்டேன்."

ஷர்மின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று பாவம் என்றவள்தான், பிள்ளை நீலமானதைப் பார்த்தபின் அந்தம்மா மேல் அவளுக்கு அவ்வளவு வெறுப்பு. நான் ஊட்டிய வெறுப்பு. அக்கா அதைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் குனிந்தார். காலில் விழத்தான் குனிகிறார்.

சித்திரை வெயில்ல, அந்தக் கூட்டத்துல, நெருப்புச் சட்டியக் கையில வச்சுக்கிட்டு, அந்தப் பொம்பள, எனக்காக.

ஓடிப்போய்த் தோளைப் பிடித்துவிட்டேன். "அக்கா, நீங்க இல்ல. நான். நான்தான் குடிச்சேன். விடவே இல்ல. வேனுக்குள்ள உக்காந்து குடிச்சுட்டு அந்தச் சட்டையோடயே வந்து பிள்ளையத் தூக்குனேன். அந்த வேன்லதான் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டு வந்தேன். ஒங்க புகை இல்லக்கா. என் புகை." பையில் இருந்த பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். எதற்கு நீட்டினேன் என்று தெரியவில்லை. யாரும் வாங்கவில்லை.

வராண்டாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஷர்மின் டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சங்கிலியக்கா எழுந்து நின்று சேலையைச் சரி பண்ணினார். "அன்னைக்குப் பந்தலுக்குள்ள ஒங்கிட்டத்தான கேட்டேன்" என்றார். "ஒன் மொகத்தப் பாத்துத்தான கேட்டேன்."

படியிறங்கிப் போய்விட்டார்.

நவம்பர் 26, செவ்வாய்

டிஸ்சார்ஜ். பெரிய டாக்டரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். பிள்ளை முன்னால் குடிக்காவிட்டாலும் புகை சட்டையில், தலைமுடியில், சீட்டில் ஒட்டிக்கொண்டே வரும். தூக்கினால் அதைத்தான் மூச்சாக இழுப்பான். சாம்பிராணியும் கொசுவத்தியும்கூட வேண்டாம். விடுவதற்கு மருந்து உண்டு, ஆலோசனை உண்டு, இங்கேயே வரலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டாமல் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஷர்மின் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. மாமா பிடித்து வந்த காரில் ஏறும்முன் பேசினாள்.

"எங்கம்மா சாம்பிராணி போட்டுக்கிட்டுத்தான் இருந்தாக. எனக்குத் தெரியும். அப்பயும் பிள்ள நல்லா இருந்தான். அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு மச்சான். ஒங்களக் கேக்க பயம் இல்ல. நீங்க என்ன சொல்லுவீகண்டுதான் பயம். அதான் அந்தக்கா மேலயே வச்சுக்கிட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நானும்தான் வச்சுக்கிட்டேன்."

மாமா மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "குடிச்சதுக்குக்கூட மருந்து இருக்காம் மாப்ள. என் முன்னாடி அந்தத் தலையில கை வச்சதுக்கு என்ன பண்றதுண்டு எனக்குத் தெரியல."

கார் போய்விட்டது. என் வேனில் ஏறக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

அக்காவை நிறுத்திய வீடுகளுக்குப் போனேன். முதலில் பெனாசிர் வீடு. "சங்கிலியக்கா மேல தப்பு இல்ல. நான் பொய் சொன்னேன்" என்று வாசலில் நின்றே சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவள் புருஷன், "இதுக்கெல்லாமா பாய் வீடு வீடா வருவீக? வாங்க" என்று தோளில் கை போட்டு வெளியே கூட்டி வந்து, ஆறுதலாக எனக்கு ஒரு சிகரெட்டை நீட்டினான்! கைப்பிள்ளைக்காரன். வீட்டுக்குள் தூளியில் பிள்ளை தூங்குகிறது.

"நீங்களும் விட்ருங்க" என்றேன். என் வாயிலிருந்து அது வந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். ஆனால் பற்ற வைக்கவில்லை.

கோயில் தெருவில் ஒரு வீட்டில் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் ஒரு அம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பெரிய மனுசன் செய்யிற வேலையா இது" என்று கதவைச் சாத்தினார். அந்த வீட்டு வாசலில் இருந்து நடப்பதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

டிசம்பர் 2, திங்கள்

அக்கா வீட்டில். படலைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே ஏசினார். "ஏலே, நீ குடிச்சதுகூடப் போகட்டும்டா. ஊர்ல ஆம்பளைக பூராம் குடிக்கிறாக. பாவம் முழுக்க எங்கையிலண்டு நெனச்சு நான் சோறு தின்னலடா. பாத்துக்கிட்டே இருந்தியேடா."

கேட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் அவரைத் தெரு கேட்க ஏசியபோது அவரும் நின்றாரே.

டிசம்பர் 9, திங்கள்

வேனின் சீட் கவர், ஸ்பாஞ்ச், மேல்துணி எல்லாம் பிடுங்கி எறிந்தாயிற்று. மெக்கானிக் மேல்துணியை உரித்ததும் மஞ்சளாக இருந்த தகரத்தைச் சுரண்டிக் காட்டி, "என்னண்ணே, இதுக்குள்ள அடுப்பு வச்சிருந்தீகளா?" என்றான்.

டிசம்பர் 15, ஞாயிறு

தேனியில் கொடுத்த மருந்தோடு இரண்டு வாரம் குடிக்காமல் இருந்துவிட்டேன். உத்தமபாளையம் போனேன். மாமா வாசலிலேயே துண்டும் துவைத்த கைலி சட்டையும் வைத்திருந்தார். குளித்துவிட்டு, அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். தொளதொளவென்று இருந்தது. பய அடையாளம் தெரியாமல் அழுதான்.

டிசம்பர் 18, புதன்

இரண்டு குடித்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

ஷர்மின் வந்துவிட்டாள். காலையில் அவளாகவே வருகிறேன் என்று போன் போட்டாள். நேரே சங்கிலியக்கா வீட்டுக்குப் போய், அக்கா கையைப் பிடித்து அழுதுவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வந்தாள். அக்காவையும் கூடவே கூட்டி வந்துவிட்டாள். "நாளையில இருந்து அக்கா வந்து ஊத்துவாக. சாம்பிராணி கெடையாது, அது அக்காவுக்கும் தெரியும்" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "குளிச்ச பிள்ளைய யாரு கையில குடுக்குறதுங்கிறதும் இனிமே அக்கா பாடு."

நான் சரி என்றேன். என்னிடம் யாரும் கேட்கவில்லைதான்.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

நேற்று குமுளியில் லோடு இறக்கப் பாதி நாள் ஆகிவிட்டது. செக்போஸ்ட்டில் ஐயப்பமார் வண்டி நகரவே இல்லை. பக்கத்து லாரிக்காரன் பற்ற வைத்தான். ஒன்று வாங்கிக் குடித்தேன். ஒன்றே ஒன்று.

இன்று காலையில் தலைக்கு ஊற்றிக் குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அக்கா பயலைத் துவட்டி, வேட்டித்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். எட்டு மாதத்துப் பய, என்னைக் கண்டதும் துணிக்குள்ளிருந்து கையை உருவி இரண்டு கையையும் நீட்டினான். நானும் கையை நீட்டினேன்.

"இரு" என்றார் அக்கா. "வாயத் தொற. ஊது."

தினமும் இதுதான் நடக்கிறது. முப்பத்து மூணு வயசு ஆள், நாலு லோடு பழம் அனுப்புகிறவன், குனிந்து அந்தம்மா மூக்குக்கு நேரே ஹா என்று ஊதவேண்டும். முதல் நாள் பெனாசிர் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். இப்போது பழகிவிட்டது.

நேற்றுக் குடித்தது. பல் விளக்கி, குளித்து, ஒரு ராத்திரி கடந்தாயிற்று. ஊதினால் ஒரு வாடையும் வந்திருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் ஊதவில்லை. "நேத்துக் குமுளியில ஒண்ணு குடிச்சேன்க்கா" என்றேன்.

அடுப்படியில் ஷர்மின் கரண்டிச் சத்தம் நின்றது.

அக்கா ஏசவில்லை. பயலை மடியிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப இன்னைக்கு இல்ல" என்றார். "நாளைக்கு வா."

பய கையை நீட்டிக்கிட்டேதான் இருந்தான். கொஞ்சம் அழுதான். எனக்கும் வந்துருச்சு. அடுப்படியில மறுபடி கரண்டிச் சத்தம் கேட்டுச்சு. அக்கா முதுகத் தட்டித் தட்டி அவுக தோள்லயே தூங்க வச்சுட்டாக. நான் உள்ள போகல. நிலைப்படிக்கு வெளியவே நின்னு காது குடுத்துப் பாத்தேன். முதுகு ஏறி எறங்குது, அந்தப் பூனச் சத்தமே இல்ல. அம்புட்டு நேரம் நின்னு கேட்டேன், ஒரு சத்தமும் இல்ல. பெறகு தோட்டத்துல லோடு ஏத்தணும்ண்டு கெளம்பிட்டேன்.